பச்சைத் தாடி

சித்திரை வெயிலில் திண்டிவனம் சாலையில் ஓடி வந்த லாரியின் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், தூங்குகிற நாயின் வாலை மிதிப்பதும் ஒன்று. நாயாவது ஓர் இடத்தில்தான் கடிக்கும். ரேடியேட்டர் முகம், கழுத்து, மார்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும். நான் வேலை செய்த உதிரி பாகக் கடைக்கு எதிரிலேயே அப்படி ஒரு டிரைவர் மூடியைத் திருகினார். கொதிதண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. அவர் சட்டையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. நான் ஓடிப்போய் அவர் மேல் கோலி சோடாவைக் கவிழ்த்தேன். ஏன் சோடா என்று கேட்காதீர்கள், கையில் அதுதான் இருந்தது. அந்த வலியிலும் அவர் என்னைத் தேடிப் பிடித்து ஒரு உதை விட்டார்.

ஊரில் தண்ணீரோடு எங்களுக்கு இருந்த தகராறு இவ்வளவுதான். அது கொதிக்கும், தெறிக்கும், ஆளைப் பொசுக்கும். அது உறைந்து போய் நாங்கள் பார்த்ததில்லை. மரக்காணத்தில் மீனுக்கு ஏற்றுகிற ஐஸ் பாளத்தைத் தவிர வேறு பனி எங்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கம்பெனி சேல்ஸ்மேன் வந்து, எங்கள் கடையில் ஒரு பெட்டி கூலன்ட் இறக்கிவிட்டுப் போனார். கிளிப்பச்சை நிறம். மலை நாட்டுக் குளிரிலும் ரேடியேட்டர் தண்ணீர் உறையாது, வெயிலிலும் சீக்கிரம் கொதிக்காது என்று விளக்கினார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "வாயில மட்டும் வெச்சிப் பாத்துராதீங்க. இனிப்பா இருக்கும். ஆனா ஆள முடிச்சுரும்," என்றார்.

ஏரித் தண்ணீரையும் பம்புசெட் தண்ணீரையும் ஊற்றியே பழகிய டிரைவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. நான் அதை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். "வாங்க, லாரிக்கு ஸ்வெட்டர் வந்திருக்குது," என்று கூவுவேன். டப்பாவின் மேல் மண்டை ஓடு போட்டு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டி, "கொழந்தைக்குதான் எட்டக் கூடாதாம், மாமியாருக்கு எட்டினா பரவாயில்லையாம்," என்பேன். எனக்கு வாய்த்த வாய் அப்படி.

அந்த வாயைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அவர் கல்யாணப் பந்தியில் நான் சும்மா இருக்க மாட்டாமல், "சாம்பார்ல பல்லி!" என்று ஒரு குரல் கொடுத்தேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வரிசை வரிசையாக எழுந்தார்கள். சமையல்காரரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நான் "தமாசுங்க, தமாசு!" என்று கத்திக்கொண்டே நடுவில் புகுந்தேன். மிச்சமிருந்த மிதி எனக்குக் கிடைத்தது. அன்று முதல் அந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் யாரும் காதைத் திறப்பதில்லை.

மச்சான் சொந்த லாரி ஓட்டுகிறவர். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். ஹாரன் அடித்தால் வழிவிடாத டிராக்டர்காரன், டீயில் சர்க்கரை குறைத்தவன், டோல்கேட்டில் முறைத்தவன் என்று எல்லோருக்கும் அவர் கையால் ஏதாவது கிடைத்திருக்கும். முதல் தடவை டெல்லிக்கு லோடு கொண்டுபோனவர், அங்கிருந்து மலை மேல் ஒரு லோடு கிடைக்கிறது என்று காஷ்மீர்ப் பக்கம் ஏறினார். வழக்கம்போல ரேடியேட்டரில் வெறும் ஏரித் தண்ணீர். காலையில் பார்த்தால் எஞ்சின் பிளாக் வெடித்துப் பாளமாகப் பிளந்து கிடந்தது. தண்ணீர் உறைந்தால் ஊதும், ஊதினால் இரும்பையும் கிழிக்கும் என்பதை அங்கிருந்த மெக்கானிக் சிரித்துக்கொண்டே விளக்கினாராம். சிரித்ததற்காக மச்சான் அவரை அறைந்தார். மெக்கானிக்கின் தம்பிகள் வந்து மச்சானை அறைந்தார்கள். எல்லாம் முடிந்து, உதடு கிழிந்து, பல் ஆடி, புது பிளாக்கோடும் கூலன்ட் என்ற ஞானத்தோடும் ஊர் திரும்பினார். அடுத்த தடவை மேலே போவதற்கு முன், என் கடைக்கு வந்து கூலன்ட் வாங்கிய முதல் ஆளும் அவர்தான்.

"மாப்ள, அந்த ஸ்வெட்டர எடுங்க," என்றார்.

அந்தப் பயணம் ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. அவர் திரும்பி வந்தது சித்திரை பிறந்த பிறகு. என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். மூன்று வயது. குலசாமி கோயில் பெருமுக்கல் பக்கம். கோயிலுக்கு எதிர்க் களத்தில்தான் மச்சான் வீடும், அவர் லாரி நிற்கிற இடமும். தாய்மாமன் சீர் என்றால் தோடு, பட்டுப் பாவாடை, தட்டு வரிசை, அதற்கெல்லாம் தலையாக ஒரு கிடா. ஆட்டின் உருவத்தை வைத்துத்தான் மாமனின் மதிப்பை ஊர் எடை போடும். மச்சான் கொண்டுவந்திருந்த கிடா கன்றுக்குட்டி உயரம். கருப்பு உடம்பு, வெள்ளைத் தாடி. முதல் நாள் மாலை, "தொட்டுப் பாருங்க மாப்ள," என்றார். தொட்டேன். அடுத்த கணம் நான் எருக்குழியில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் அது முட்டிய இடம் ஆடி மாதம் வரைக்கும் வலித்தது.

"வீரமான கிடா," என்றார் மச்சான், பெருமையாக. நான் எழுந்திருக்கக்கூட அவர் கை கொடுக்கவில்லை.

நான் எருவைத் தட்டிக்கொண்டு வந்தபோது அவர் லாரிக்கு அடியில் படுத்து ரேடியேட்டரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பச்சைத் தண்ணீர் ஓர் அகலமான அலுமினிய பேசினில் வடிந்தது.

"இன்னா மச்சான், நல்ல கூலன்ட்ட எறக்கறீங்க?"

"வேஸ்ட் பண்ணல மாப்ள. புடிச்சி வெச்சிக்கினு, மறுபடி மேல போறப்ப ஊத்திக்கலாம். இந்த வெயில்ல இத உள்ள விட்டா இஞ்சினுக்கு சூடு புடிச்சிக்கும்."

"சூடா?"

"குளுருல ஒறையாம காப்பாத்துது இல்ல? அப்ப அது சூட்டுச் சரக்குதான? நண்டு மாதிரி. குளுருக்கு நல்லது, சித்திரைக்கு ஆவாது."

"டப்பாலயே போட்டுக்கிது மச்சான். வெயிலுக்கும் இதான், குளுருக்கும் இதான்."

"டப்பால எழுதுனவன் எந்த ஊரு சித்திரைல லாரி ஓட்டினான்? வெறும் ஏரித் தண்ணிதான் இஞ்சினுக்குக் குளுச்சி."

"அப்ப எளநிய ஊத்துங்க. இன்னும் குளுச்சி."

அவர் அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார். இளநீரை உண்மையிலேயே யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். எண்ணெய்க் கந்தல் ஒன்று பறந்து வந்து என் முகத்தில் விழுந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது. பேசின் லாரியின் பின்சக்கரத்தருகே போய் உட்கார்ந்தது. கிடாவையும் லாரியின் பின்பக்கக் கொக்கியில் கட்டினார்கள். சாமிக்கு விடுகிற கிடாவுக்கு முந்தின சாயங்காலத்திலிருந்து தீனியும் தண்ணீரும் காட்டுவதில்லை, அங்கே அப்படி வழக்கம்.

மறுநாள் விடிந்ததும் காது குத்துகிற ஆசாரியை அழைத்துவர மொபெட்டில் திண்டிவனம் போய்விட்டேன். அதனால் கிடா வெட்டை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது ஊரே பூரித்துப் போயிருந்தது.

என் மனைவிதான் ஓடி வந்து சொன்னாள். "இன்னாங்க, நீங்க பாக்காம போய்ட்டீங்களே! மஞ்சத் தண்ணி தெளிக்கவே இல்ல, அதுக்கு முன்னயே கிடா துலுக்குச்சுங்க. கிடுகிடுன்னு நடுங்குது. காலு பின்னுது. தலைய இப்டி ஆட்டுது. எங்கண்ணன் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். மணிக்கணக்காகத் தெளித்தும் அசையாத ஆடுகள் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். கேட்காமலேயே துலுக்கிய கிடா என்றால் தாய்மாமனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பெண்கள் குலவை போட, ஒரே வீச்சில் வெட்டியிருந்தார்கள். இரத்தம் சாமி காலடி வரைக்கும் போய் உறைந்திருந்தது. அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

நான் கும்பிடப் போனேன். கிடாவின் தலையைச் சாமிக்கு முன் வைத்து, வாயில் அதன் காலையே வெட்டிச் செருகி, நெற்றியில் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். கற்பூர வெளிச்சத்தில் அதன் தாடி பச்சையாக இருந்தது.

மஞ்சளாக இருந்தால் மஞ்சள் தண்ணீர். சிவப்பாக இருந்தால் இரத்தம். இது கிளிப்பச்சை.

களத்துக்கு ஓடினேன். பேசின் முக்கால்வாசி காலி. விளிம்பைச் சுற்றி மண்ணில் குளம்படி. தாகத்தில் தவித்த ஆட்டுக்கு இரவெல்லாம் இனிப்புத் தண்ணீரை மூக்குக்கு நேராக வைத்திருந்தோம். நடுங்கியது, பின்னியது, தலையாட்டியது எல்லாம் என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாமி வரவில்லை. விஷம் ஏறியிருக்கிறது. அந்தக் கறியைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில், முதல் பந்தியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் போடப்போகிறார்கள்.

அண்டாவுக்குப் பக்கத்தில் மச்சானும் என் மனைவியின் பெரியப்பாவும் நின்றிருந்தார்கள். பெரியப்பாதான் அந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல்.

"மச்சான், கறிய எறக்குங்க. யாரும் சாப்பிடக் கூடாது. கிடா கூலன்ட்ட குடிச்சிக்கிது. வெஷம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியப்பா, "பல்லியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஐயோ, தமாசு இல்லங்க. தாடியப் பாருங்க, பச்சையா இருக்குது."

"கிடாவுக்கு டை அடிச்சது யாருன்னு கேக்கணும்," என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு. அது நானே சொல்லியிருக்கக்கூடிய ஜோக். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மச்சான் என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். விரல்கள் எலும்பில் இறங்கின. "மாப்ள, சாமியே தலையாட்டி வாங்கிக்கின கிடா. எம்மேல இன்னா கோவம் இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம். இன்னிக்குப் பேஜாரு பண்ணாதீங்க."

பெரியப்பா சமாதானமாக, "அப்டியே நக்கியிருந்தாலும் இன்னா இப்போ? கொதிக்கிற கொதில எந்த வெஷமும் பறந்துரும்," என்றார்.

"லாரிக்குள்ள நாள் முழுக்க கொதிக்கறது அதுதாங்க! அப்டி பறந்து போற சரக்குன்னா ரேடியேட்டர்ல எதுக்கு ஊத்தறாங்க?"

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே அறிவாளித்தனமான பேச்சு அது. யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேளம் எழும்பி, காதுகுத்து தொடங்கிவிட்டது.

மச்சான் போய் மணையில் உட்கார்ந்தார். என் மகளை மடியில் வைத்துப் பிடித்தார்கள். ஆசாரி வலது காதில் ஊசியைச் செலுத்தினார். குழந்தை வீறிட்ட வீறிடலில் மேளம் நின்றது. கையைக் காலை உதறி, மாமன் மூக்கில் ஒரு குத்துவிட்டாள். அந்தக் குடும்பத்து இரத்தம். இடது காதைக் காட்டவே மாட்டேன் என்று சுருண்டுகொண்டாள்.

"புள்ள அழுவுது பாரு. ஜல்தியா ஈரல் கொண்டாங்க," என்றார் மச்சான்.

குழந்தைக்கென்று தனியாக வறுத்த ஈரல், இலைத் துண்டில் வந்தது. விஷம் முதலில் போய் உட்காருகிற இடமே அதுதான் என்று எனக்குத் தோன்றியது. மச்சான் ஒரு துண்டை எடுத்து, வாயால் ஊதி, "ஆ காட்டு கண்ணு, மாமா குடுக்கறேன்," என்றார். அழுதுகொண்டிருந்த வாய் அகலமாகத் திறந்துதான் இருந்தது.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. மச்சானின் கன்னத்தில் என் கை விழுந்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. நான் யாரையும் அடித்துப் பழகாதவன். அடி பாதி காதில் விழுந்தது. ஈரல் பறந்து ஆசாரியின் மடியில் விழுந்தது. ஆசாரி ஊசியோடு எழுந்து கோயிலுக்குப் பின்னால் ஓடினார்.

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் அசைந்தார்கள்.

முதல் குத்து மச்சானுடையது. கண்ணுக்குள் ஏதோ உடைந்த மாதிரி இருந்தது. "சபைல வெச்சி என்னையே அடிக்கறியாடா?" மாப்ளையும் போயிற்று, மரியாதையும் போயிற்று. விழுந்த என்னை யார் யாரோ மிதித்தார்கள். ஒருவர் விலா, ஒருவர் முதுகு, ஒருவர் ஆள் மாறி மேளக்காரரை. நான் நாலு காலில் தவழ்ந்து அவர்கள் கால்களுக்கு நடுவே நழுவினேன். வீரனாக இருந்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். கோழை என்பதால் தப்பிக்கிற வழி தெரிந்தது. அந்த வழி அண்டாவுக்குப் போனது. எழுந்து, வலது காலால் அதை ஓங்கி உதைத்தேன்.

நிறைந்த அண்டாவை உதைத்தால் அது கவிழாது என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் சாய்ந்து, என் காலிலேயே ஒரு வாளிக் குழம்பைக் கொட்டிவிட்டு, மறுபடி நிமிர்ந்து நின்றது. நான் போட்ட கூச்சலில் என் மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். இரண்டாவது தடவை தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அடுப்புக் கல் நகர்ந்தது. அண்டா உருண்டது. கறி முழுவதும் மண்ணில் புகைந்தது.

துரத்தி வந்தவர்கள் நின்றார்கள். பிள்ளைகளுக்குப் போட்டிருந்த இலைகள் மேலும் குழம்பு தெறித்திருந்தது. ஒரு தாய்மாமனின் மானம் தரையில் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது.

மச்சான் குனிந்து மண்ணோடு ஒரு கறித்துண்டை எடுத்தார். "வெஷமா? எங்கிடா வெஷமா? பாருங்கடா, எல்லாரும் பாருங்க, நானே துன்றேன்," என்று வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் ஒற்றைக் காலில் பாய்ந்தேன். அவர் கையைப் பிடிக்க எனக்குப் பலம் போதாது. கடித்தேன். மணிக்கட்டில் பல் இறங்கியது. அவர் இடது கையால் என் தலையில் இடித்தார். நான் விடவில்லை. மறுபடி இடித்தார். வாயில் உப்புக் கரித்தது; அது அவர் இரத்தமா என் இரத்தமா தெரியாது. துண்டு கீழே விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

அப்போது என் மனைவி வந்தாள். முதலில் என்னை ஒன்று அறைந்தாள். அப்புறம் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் சிரிக்காமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னாள்.

"நெசமாவா?" என்றாள்.

வாய் வீங்கியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

நேராகக் களத்துக்குப் போனாள். பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் கொஞ்சம் கிளிப்பச்சைத் தண்ணீர் அலம்பியது. விளிம்பில் கருப்பு மயிர் ஒட்டியிருந்தது. அதை அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"குடிண்ணா. கிடா இதத்தான குடிச்சிது? இது ஒண்ணும் பண்ணாதுன்னா நீ ஒரு வாயி குடி. அப்புறம் கறி துன்னு. நானும் துன்றேன். எம்பொண்ணுக்கும் ஊட்டறேன்."

மச்சான் பேசினைப் பார்த்தார். அவரே வாங்கி, அவரே ஊற்றி, அவரே இறக்கி வைத்த தண்ணீர். அதன் டப்பாவில் மண்டை ஓடு இருந்தது அவருக்கும் தெரியும். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மனைவி பேசினை அவர் பக்கம் திருப்பினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மச்சான் குடிக்கவில்லை. பேசினை அவள் கையிலிருந்து பிடுங்கினார். களத்துக்குப் போய் லாரியிலிருந்து ஜாக்கி லிவரை எடுத்து, தன் லாரியின் இரண்டு ஹெட்லைட்டையும் உடைத்தார். அப்புறம் முன் கண்ணாடி. கண்ணாடி விழுந்து முடிகிற வரைக்கும் யாரும் பக்கத்தில் போகவில்லை. பின்பு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனார். கறியையும், சாமி முன்னால் இருந்த தலையையும், பேசினையும் போட்டு நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தார்கள். சிரித்தவர்கள்தான் மண் தள்ளினார்கள்.

பின்னொரு நாள் திண்டிவனத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன், அந்தக் கறியைச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "கறியில எவ்வளவு தங்கும்னு எனக்கும் சரியா தெரியாது. நானா இருந்தா தொட்டிருக்க மாட்டேன்," என்றார். நான் வாங்கிய உதைக்கு அவர் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்லியிருக்கலாம்.

புதைத்துவிட்டு வந்த மச்சானின் மணிக்கட்டில் என் பல் வரிசை அச்சாகப் பதிந்து, அதிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. மணையில் போய் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"ஆசாரி எங்க? ஒரு காத குத்திட்டு வுட்டா எப்டி? புள்ளயக் கொண்டாங்க."

ஆசாரியைக் கோயிலுக்குப் பின்னாலிருந்து கூட்டி வந்தார்கள். ஊசியை மறுபடி துடைத்தார். மகள் மாமனின் மடியில் ஏற மறுத்து உதைத்தாள், கடித்தாள். கடிப்பதை அன்று காலைதான் கற்றிருந்தாள்.

மச்சான் தலையைத் தூக்காமலே, "காலப் புடிங்க மாப்ள," என்றார்.

வெந்த என் காலை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, ஒரு கண் மூடிய நிலையில், நான் அவள் இரண்டு கால்களையும் பிடித்தேன். அவர் தலையைப் பிடித்தார். ஆசாரி இடது காதில் குத்தினார். மூன்று பேரையும் என் மகள் வாய்க்கு வந்தபடி வைதாள். அன்று எல்லோரும் ரசம் சோறுதான் சாப்பிட்டோம்.